கட்டில் காலுக்கடியில் ஐந்து வோல்ட்

“எழுத்துல குடுங்க சார்,” என்றேன்.

ஹாஸ்டல் கீழ்த்தள ஆபீஸில் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன இளங்கோவன் அப்படியே நிறுத்தினார். ஃபேக்டரிக்கு எங்களை ஆள் எடுத்து அனுப்புகிற ஏஜென்சியின் மேனேஜர் அவர்தான். ஹாஸ்டலில் சேர்ந்த அன்றைக்கே வார்டன் மெர்சி அக்கா எங்களை மொட்டைமாடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. லீவு கேட்டு அழலாம். சோற்றில் புழு கிடந்தால் தட்டோடு கொண்டுவந்து காட்டலாம். சூப்பர்வைசர் கையைப் பிடித்தால் அவளிடம் ரகசியமாக வந்து சொல்லலாம். எழுத்தில் கொடு என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டவள் அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில் இருக்கமாட்டாள்.

மெர்சி அக்கா இப்போது என் பக்கத்தில்தான் நின்றாள். என் முழங்கையைக் கிள்ளினாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“இன்னாது?” என்றார் இளங்கோவன்.

“சந்திரலேகாவ எதுக்கு அனுப்புறீங்கன்னு எழுத்துல குடுங்க. ஹீட்டர் போட்டா, கட்டில் எரிஞ்சிது, அதனால அனுப்புறோம்னு. உங்க கையெழுத்தோட, சீலோட.”

அவர் கிளாஸை மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“எழுதிக் குடுத்தா அது கேஸ் ஆவும்மா. ஹாஸ்டல்ல தீ வச்சான்னு ஆவும். நான் போனாப் போவுது, வயசுப் பொண்ணுன்னு வாயால சொல்லி அனுப்பிக்கினு கீறேன். நீ அவளுக்கு நல்லது பண்றியா, கெட்டது பண்றியா?”

என் ரூம்காரி லேகா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தீக்காயக் கட்டு. மருந்து ஊறிக் கட்டு மஞ்சளாகியிருந்தது. அவளுடைய ஐடி கார்டைக் காலையிலேயே வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டார்கள். மதியம் அவளை ஆட்டோ ஏற்றி விட்டுவிடுவதாகப் பேச்சு. அதோடு முடிந்துவிடாது. ஏஜென்சிகாரர்கள் எல்லோருக்குமாக ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் இளங்கோவன் ஒரு ஃபோட்டோவும் ஒரு வரியும் போட்டால் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்த கேட்டிலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். சங்கரன்கோவில் பக்கம் அவள் தெருவிலிருந்து இத்தனை தூரம் வேலைக்கு வந்த முதல் பெண் அவள். ஹாஸ்டலைக் கொளுத்திவிட்டு வந்தவள் என்று பேர் போனால், அந்தத் தெருவில் இன்னொருத்தியை யாரும் பஸ் ஏற்றமாட்டார்கள்.

“ஹீட்டர் போட்டதை யாரு பாத்தா?” என்றேன்.

இளங்கோவன் டிராயரைத் திறந்து ஒரு காயில் ஹீட்டரை எடுத்து மேஜைமேல் போட்டார். பக்கெட்டில் விட்டுத் தண்ணீர் காய்ச்சுகிற ரகம். கம்பிச் சுருளில் உப்பு படிந்திருந்தது.

“இது யாருது?”

“எங்குள்ளதுதான் சார்,” என்றாள் லேகா. தலை நிமிரவில்லை. “ஊர்ல இருந்து வரும்போது கொண்டாந்தது. பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. இங்க எங்கன சார் சொருக?”

உண்மைதான். எங்கள் ரூமில் அதைச் சொருக ஓட்டையே இல்லை. போன மழைக்காலத்தில் யாரோ மூன்றாம் மாடியில் இண்டக்ஷன் அடுப்பில் முட்டை வேகவைத்தார்கள். மாடி முழுக்கக் கரண்ட் போனது. மறுநாளே ஏஜென்சி எல்லா ரூமிலும் பிளக் பாயிண்டைக் கழற்றித் தகடு வைத்து மூடிவிட்டது. அதற்குப் பதிலாக ரூமுக்கு ஒரு வெள்ளை டப்பா. அதில் எட்டு யுஎஸ்பி ஓட்டை. ஃபோன் மட்டும்தான் போடலாம். ‘இனிமே சார்ஜர் தேட வேண்டாம் பிள்ளைகளா, வயரச் சொருகினா போதும்’ என்று மெர்சி அக்கா அறிவித்தபோது நாங்கள் கை தட்டினோம். பிளாண்டுக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைக்க வேண்டும். ஹாஸ்டலில் கிடைக்கிற நேரத்தில்தான் எங்களுக்கு ஊரும் உலகமும். சார்ஜ் ஏறினால் போதும் என்று இருந்தோம்.

“பிளக்கே இல்லாத ரூம்ல காயில் எப்படி ஓடும் சார்?”

“அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும்.” அவர் மொபைலில் ஒரு படத்தைக் காட்டினார். கரிந்த ஸ்பஞ்சு மெத்தை. கட்டிலின் இரும்புக் கால். அதன் பக்கத்தில் தோலில்லாமல் சுருண்டு கிடந்த செம்புக் கம்பி. “டப்பா வயரை அறுத்து, தோலை உரிச்சி, காயில் பின்னுல சுத்தியிருக்கா. மெர்சி, நீ பாத்தியா இல்லியா?”

“வயரு தோலில்லாம கெடந்தத பாத்தேன் சார்,” என்றாள் மெர்சி அக்கா. அவள் சொன்னது பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்க வேண்டும்.

“இன்னா சிரிப்பு?”

“சார், அந்த டப்பாவுல வர்றது அஞ்சு வோல்ட்டு. இந்தக் காயில் இருநூத்தி முப்பது வோல்ட்டுக்குச் செஞ்சது. அப்பதான் இது ஆயிரம் வாட்டு. வோல்ட்டு நாப்பத்தாறுல ஒரு பங்காக் கொறஞ்சா, வாட்டு நாப்பத்தாறு தடவ நாப்பத்தாறு, ரெண்டாயிரத்துல ஒரு பங்காக் கொறஞ்சிரும். அரை வாட்டு. அதை வச்சு ஒரு ஸ்பூன் தண்ணியைக் கூட வெதுவெதுப்பாக்க முடியாது. அவ அப்படிச் சுத்தியே இருந்தாலும் கட்டில் எரிஞ்சிருக்காது.”

“கரண்டு கரண்டுதான்மா.”

“இல்ல சார்.”

“அப்போ கட்டில் தானா பத்திக்கிச்சா? தூக்கத்துல பீடி குடிச்சாளா? சொல்லு, நீயே சொல்லு.”

சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போதுதான் எதில் கால் வைக்கிறேன் என்று தெரிந்தது.

டப்பாவோடு ஆளுக்கு ஒரு வெள்ளை வயரும் கொடுத்தார்கள். மேல்கட்டில் வரைக்கும் எட்டுகிற நீளம், சேமியா மாதிரி மெலிசு. கம்பி எவ்வளவு நீளமோ, எவ்வளவு மெலிசோ, அவ்வளவு வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். ஐந்தில் மிச்சம் மூன்றரையோ நாலோதான் ஃபோன் வாய்க்குப் போய்ச் சேரும். ஃபோன் அதைப் பார்த்துவிட்டு, இது தாங்காது என்று உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஷிஃப்ட் முடிந்து வந்து சொருகினால் தூங்கி எழுந்தாலும் பாதி ஏறியிருக்காது. இதில் ஒரே கட்டிலில் பகல் ஷிஃப்ட்காரியும் நைட் ஷிஃப்ட்காரியும் மாறி மாறிப் படுக்கிறோம். வேலைக்குக் கிளம்புகிறவள் மற்றவள் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் பவர் பேங்கைச் சொருகிவிட்டுப் போவாள். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் கண்டுபிடித்தோம். கட்டிலைத் தூக்கி, இரும்புக் காலுக்கு அடியில் வயரை வைத்து இறக்கிவிடுவது. அப்புறம் யாரும் வயரை உருவ முடியாது, பிடுங்கவும் கூடாது. “நான் கால் போட்டுட்டேன்” என்று ஒருத்தி சொன்னால் அந்த ஓட்டை அவளுடையது. சண்டை தீர்ந்தது. மாடி மாடியாக அந்த வழக்கம் பரவியது.

ஒரு வயருக்குள் நாலு கம்பி. பச்சையும் வெள்ளையும் தகவல் போக. சிவப்பும் கறுப்பும்தான் பவருக்கு. மேல்கட்டிலில் ஒருத்தியும் கீழ்க்கட்டிலில் ஒருத்தியுமாக ராத்திரி பகலாக ஏறி இறங்கினால் அந்த இரும்புக் கால் வயரை அப்பளமாக்கிவிடும். உள்ளே தோல் கிழிந்து சிவப்பும் கறுப்பும் ஒட்டும்.

“நேத்து மத்தியானம் அதான் சார் நடந்தது. ரெண்டும் ஒட்டிச்சு. கம்பி பழுத்து மெத்தைய புடிச்சிருச்சு. தோலை யாரும் உரிக்கல. அது உருகி வழிஞ்சிட்டு.”

இளங்கோவன் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“ஆக, வயரைக் கட்டில் காலுக்கு அடியில வச்சி நசுக்குனது அவ.”

அவர் மேஜைமேல் கிடந்த காயிலைத் திரும்ப டிராயரில் போட்டார்.

“ஹீட்டரே போடலன்னு வச்சிக்கலாம். ஏஜென்சி குடுத்த பொருளை நசுக்கித் தீ புடிக்க வச்சது அவ. நீயே சொல்லிட்ட. மெர்சி, கேட்டுக்கினியா?”

“எல்லாரும்தான் சார் வைக்கோம்,” என்றேன்.

“எல்லா ரூமும் எரியலியேம்மா.”

லேகா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. நான் காப்பாற்ற வந்து, அவர் கையில் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு காரணத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தேன். மெர்சி அக்கா என் காதருகே, “வாயில வசம்பு வச்சுத் தேய்க்கணும் ஒனக்கு” என்று முனகினாள்.

இளங்கோவனின் ஃபோன் மேஜை ஓரத்தில் சார்ஜில் கிடந்தது. நல்ல கம்பெனி சார்ஜர், ஃபோனோடு வந்தது. நான் எட்டி ஃபோனை வயரிலிருந்து கழற்றி அவர் முன்னால் வைத்தேன். பேனா ஸ்டாண்டிலிருந்து கத்திரியை எடுத்தேன்.

“ஏய், இன்னா பண்ற?”

சார்ஜர் ஸ்விட்சை அணைத்து, வயரை நடுவில் வெட்டினேன்.

“ஏட்டி,” என்றாள் மெர்சி அக்கா. அவள் குரலில் பாதி அலறல்.

சார்ஜர் பக்கத்துத் துண்டின் தோலைப் பல்லால் கடித்து உரித்தேன். சிவப்பு, கறுப்பு. இரண்டையும் சேர்த்து நன்றாக முறுக்கினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

“தொட்டுப் பாருங்க சார்.”

அவர் தொடவில்லை. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மெர்சி அக்காதான் ஒற்றை விரலை நீட்டி, சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி தொட்டு எடுத்தாள். மறுபடி தொட்டாள். பிறகு கையால் பிடித்தாள்.

“சில்லுன்னு இருக்கு,” என்றாள்.

“நேத்து நடந்ததும் இதேதான் சார். சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருக்கு. இது ஏன் எரியல? சார்ஜர் தானா எதையும் தள்ளாது. ஃபோன் எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் குடுக்கும். அதுக்கும் ஒரு எல்லை உண்டு. ரெண்டு இல்ல மூணு ஆம்பியர். வயர் ஒட்டிக்கிட்டா எல்லைக்கு மேல இழுக்கும். உடனே சார்ஜர் தன்னைத்தானே அடைச்சுக்கிடும். வயர் நசுங்கும் சார். நாய் கடிக்கும், எலி கடிக்கும், கதவுல மாட்டும். நசுங்குனா சார்ஜ் ஏறக் கூடாது, அவ்வளவுதான். மனுசி கால் வேகக் கூடாது.”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பகலவன் வந்தார். ஹாஸ்டலுக்கு எலக்ட்ரீஷியன். ஹைவே ஓரக் கடைகளுக்கெல்லாம் மின்னுகிற பெயர்ப்பலகை போட்டுக்கொடுப்பதுதான் அவருடைய நிஜத் தொழில். கையில் எங்கள் ரூமுக்குப் புது வெள்ளை டப்பா. தோளில் வயர் சுருள்.

“வாய்யா,” என்றார் இளங்கோவன். தனக்கு ஆள் வந்துவிட்ட தெம்பு. “இந்தப் பொண்ணு நம்ம டப்பா மட்டம்னு சொல்லிக்கினு கீது. நீயே சொல்லு.”

பகலவன் என்னை மேலும் கீழும் பார்த்தார். ரோஷம் வந்துவிட்டது.

“யாரு சொன்னது மட்டம்னு? ஜவுளிக்கடை போர்டுக்குப் போடற செட்டுமா இது. அஞ்சு வோல்ட்டு, நாப்பது ஆம்பியர். வெயில்ல மழையில ராப்பகலா நிக்கற அயிட்டம். நீ எட்டு ஃபோனு இன்னா, ஊட்ல கீற அத்தினி ஃபோனையும் கொண்டாந்து மாட்டு. படுக்குமா பாரு.”

“நாப்பதா?” என்றேன்.

“பின்ன?”

“ஒவ்வொரு ஓட்டைக்கும் தனியா ஃப்யூஸ் இருக்காண்ணே?”

“ஃப்யூஸா?” அவர் இளங்கோவனைப் பார்த்துச் சிரித்தார். “அது போட்டா சும்மா சும்மா பூடும். அக்கா ஃபோன் பண்ணும், நான் செஞ்ச வேலையைப் போட்டுட்டு ஓடியாரணும். எட்டையும் டைரக்டா தட்டிவுட்டுட்டேன். ஸ்டடியா நிக்கும்.”

“அப்போ நாப்பது ஆம்பியரும் ஒரே ஓட்டை வழியா வரலாம்.”

“வரலாம்,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “ஆனா எதுக்கு வரப்போவுது?”

நான் அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கினேன். கொடுத்துவிட்டுத்தான் ஏன் கொடுத்தோம் என்று விழித்தார். ஆபீஸில் மூன்று பின் பிளக் இருந்தது. சொருகினேன். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் தோளிலிருந்த சுருளிலிருந்து ஹாஸ்டல் வயர் ஒன்றை உருவி, ஒரு கை நீளத்தில் வெட்டினேன். அதே மாதிரி உரித்தேன். அதே சிவப்பு, அதே கறுப்பு. முறுக்கினேன்.

“வேணாம்மா,” என்றார் இளங்கோவன். “வேணாம். சொன்னா கேளு.”

“ஏன் சார்? வெறும் அஞ்சு வோல்ட்டுதானே.”

வயரை மேஜையில் நேராகப் போட்டு, மறுமுனையை ஓட்டையில் சொருகினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பச்சை விளக்கு கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பகலவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வயர் தானாக அசைந்தது. வெயிலில் போட்ட புழு மாதிரி நெளிந்து மேஜையோடு படிந்தது. வெள்ளைத் தோல் பளபளவென்று ஈரமானது. பிறகு அதன் நீளம் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். மெலிதாகப் புகை கிளம்பியது. தொண்டையைக் கிழிக்கிற அந்த நாற்றம் ரூமை நிறைத்தது.

பின்னால் நாற்காலி சரிந்த சத்தம். லேகா எழுந்துவிட்டாள். கட்டுப் போட்ட காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டாள். கையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தாள். அவளுக்கு அந்த நாற்றம் தெரியும். நேற்று மத்தியானம் அதில்தான் கண் விழித்தாள்.

பகலவன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். வயரை எடுக்கப் போனவர் கையை உதறினார். மேஜைச் சன்மைகாவில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

“சார், ஃபோனுக்குன்னுதான் கேட்டீங்க,” என்றார் பகலவன். குரல் இறங்கியிருந்தது. “கட்டில் காலு மேட்டர் எனக்கு எப்டி சார் தெரியும்?”

“நீ போய் வெளிய நில்லு.”

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். இளங்கோவன் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேஜையில் விழுந்த கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

“நீ இன்னா படிச்சிருக்க?”

மெர்சி அக்கா முந்திக்கொண்டாள். “பன்னெண்டாப்பு சார். நான்தான் ஃபாரம் ஃபில்லப் பண்ணேன்.”

“உன்னைக் கேக்கல. மாரிசெல்வி, நீ சொல்லு.”

அசெம்பிளி லைன் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்புதான் எடுப்பார்கள். அதிகம் போனால் டிப்ளமோ. பி.இ. என்றால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். படித்தது நிற்காது, கேள்வி கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எனக்கு முன்னால் வந்த பெண்கள் இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. படித்த படிப்புக்கு வேலை தேடிச் சலித்த பிறகு, அந்த டிகிரியை மறைத்துத்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. நான் படித்ததை வைத்து ஏதாவது ஒன்றைச் செய்த முதல் நாள் இதுதான். அதுவும் ஒரு வயரைக் கொளுத்தி.

“பி.இ.,” என்றேன். “ஈ.சி.இ. அரியர் இல்ல.”

“அடிப்பாவி,” என்றாள் மெர்சி அக்கா. “ஒரே பாத்ரூமுக்கு க்யூவுல நின்னோமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

இளங்கோவன் மெதுவாகத் தலையாட்டினார். கொஞ்ச நேரம் முன்பு வரை பேச்சில் ஒட்டியிருந்த ‘மா’ இப்போது காணோம்.

“பொய் சொல்லிச் சேந்திருக்க. இதுக்கே உன்னை இன்னைக்கே அனுப்பலாம். ஆனா நான் அப்படிப்பட்டவன் இல்ல.” முன்னால் குனிந்தார். “கம்பெனில டெஸ்டிங்ல டெக்னீஷியன் கேட்டுக்கினே இருக்காங்க. நாளைக்கே உன் பேரை அனுப்பறேன். கோட்டு போட்டுக்கினு ஏசியில உக்காந்து பாக்கற வேலை. சர்டிஃபிகேட்டைக் கொண்டா, பழசை நான் சரி பண்ணிக்கறேன்.”

“லேகா?”

“ஊருக்குப் போவட்டும். கால் ஆறட்டும். பொங்கல் முடிஞ்சி வரட்டும், வேற ஹாஸ்டல்ல போட்டுத் தரேன். குரூப்ல எதுவும் போட மாட்டேன். நீ பண்ண வேண்டியது ஒண்ணுதான். கம்பெனில இருந்து ஆள் வந்து கேட்டா, அவ காயிலைச் சுத்திக்கினு இருந்ததை நீ பாத்தேன்னு சொல்லணும். ஒரே ரூம் பொண்ணு சொன்னா அத்தோட முடிஞ்சிடும்.”

“பாக்கலியே.”

“பாத்தேன்னு சொன்னா பாத்ததுதான்.”

ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். நீலக் கோட்டு, மேஜை, மீட்டர், திரையில் அலை ஓடுகிற அந்த மெஷின். நாங்கள் லைனில் நின்றுகொண்டே கண்ணாடிக்குப் பின்னால் அவர்களைப் பார்ப்போம். காலேஜில் எங்களுக்கு ஒரு பேட்ச்சுக்கு ஒரு மெஷின், அதிலும் பாதி நாள் ரிப்பேர். நான் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரத்தான் படித்தேன். அதற்கான வழியை இந்த ஆள் இவ்வளவு சுலபமாக நீட்டுகிறார்.

“செல்வி.” கதவருகிலிருந்து லேகா. “சரின்னு சொல்லிரு. நான் போயிக்கிடுதேன். பொங்கல் கழிச்சு வரச் சொல்லுதாருல்லா. நீயாவது நல்லா இரு.”

எனக்கு அவள்மேல் வந்த கோபம் இளங்கோவன்மேல் கூட வரவில்லை.

“ஏட்டி, காயிலச் சுத்துனியா நீ?”

“இல்ல.”

“பெறகு என்னத்துக்குச் சரிங்குத? நாளைக்கு ஊர்ல கேப்பாங்க, உங்கூட படுத்துக் கெடந்தவளே பாத்தேன்னு சொல்லுதாளேன்னு. அப்ப என்ன சொல்லுவ? நீயும் பாத்தேன்னு சொல்லுவியா?”

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லாமல்.

மெர்சி அக்கா என் தோளைப் பிடித்தாள். “ஏட்டி, நல்லதுக்குச் சொல்லுதேன். ஒன்ன மாதிரி படிச்ச பிள்ள லைன்ல நின்னு கால் வீங்கிக் கெடக்கணுமா? ஒத்துக்க. இந்த டப்பா ஒரு விசயமா?”

“மேல இன்னும் எத்தன ரூம்லக்கா இந்த டப்பா ஓடிக்கிட்டு இருக்கு?”

அவள் கையை எடுத்தாள்.

“அதெல்லாம் பாத்துக்கலாம்,” என்றார் இளங்கோவன். “ஞாயித்துக்கெழமை பகலவனை வுட்டு ஒண்ணொண்ணா மாத்திக்கலாம்.”

“இப்ப ஓடுதா, இல்லையா?”

மெர்சி அக்கா பக்கம் திரும்பினேன்.

“அக்கா, ஒன்னத்தான் கேக்கேன். மேல யாரு இருக்கா?”

“நைட் ஷிஃப்ட் பிள்ளைங்க,” என்றாள் மெர்சி அக்கா. இளங்கோவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். “இப்பதான் சாப்ட்டுட்டுப் படுத்துருக்கு.”

நாலு மாடி. ஒவ்வொரு ரூமிலும் கட்டிலுக்கு இரண்டு பேர். ஒவ்வொரு இரும்புக் காலுக்கும் கீழே ஒரு வயர். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவர்கள் செத்த மாதிரி தூங்குவார்கள். லேகாவே சூடு தோல் வரைக்கும் வந்த பிறகுதான் எழுந்தாள். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. படிக்கட்டு ஒன்றே ஒன்று. ராத்திரி வாட்ச்மேன் பூட்டுகிற கேட்டைப் பகலிலும் பாதி நேரம் பூட்டித்தான் வைத்திருப்பார். இங்கே ஞாயிற்றுக்கிழமையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இளங்கோவன் என் முகத்தைப் படித்துவிட்டார் போல. எழுந்தார்.

“அவசரப்படாத. சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன். யோசிச்சிச் சொல்லு.”

“யோசிக்க ஒண்ணுமில்ல சார். மெயின் ஸ்விட்ச் வாட்ச்மேன் ரூம்லதானே இருக்கு?”

“அதுல கைய வச்சின்னா நீ டெக்னீஷியனும் இல்ல, லைனும் இல்ல. சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் எந்த கேட்லயும் உன்னை உள்ள வுட மாட்டாங்க. நான் சொல்றது புரியுதா?”

“புரியுது.”

“டிகிரியை மறைச்சதையும் சேத்துப் போடுவேன்.”

“போடுங்க. ஸ்பெல்லிங் தப்பில்லாம போடுங்க. மாரிசெல்வி, பி.இ.”

லேகா பக்கம் திரும்பினேன். “கால ஊன்ற முடியுதா? நான் மெயின ஆஃப் பண்ணிட்டு ஃபயர் ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணப் போறேன். நேத்தே பண்ணிருக்கணும். அவங்க வந்தா மொதல்ல ஒங்காலத்தான் காட்டணும். வாறதுன்னா வா.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை. அவளுக்காக நின்றுகொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

“மெர்சி, அவளைப் புடி,” என்றார் இளங்கோவன்.

மெர்சி அக்கா கதவுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். என்னைவிட ஒரு தலை உயரம் அவள். பிறகு, “தண்ணி மோட்டரும் அந்த லைன்லதான் இருக்கு, அணைச்சா தண்ணி ஏறாது, பாத்துக்க” என்று சொல்லிவிட்டு ஒதுங்கினாள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.